ஆம்புலன்ஸ் தாதியரின் முதல் மாதங்கள்

திருச்சி மன்னார்புரம் சந்திப்பை அறியாதார் நம் ஜில்லாவில் இரார். சென்னையிலிருந்து மதுரை செல்லும் லாரிகளும் நகரத்து பஸ்களும் அங்கே இரவு பகலாக நெருங்கி ஓடுகின்றன. நள்ளிரவில் அங்கே ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 108-ஐ அழைக்கிறோம், வண்டி வருகிறது. அதிலிருந்து இறங்குபவர் டாக்டரல்லர். பயிற்சி முடித்துச் சில வாரங்களே ஆன இளந்தாதி. அவருக்குத் துணை, வண்டியோட்டும் பைலட் ஒருவரே. ரத்தப்போக்கை நிறுத்துவதும், மூச்சை மீட்பதும், சூழ்ந்து நின்று கூச்சலிடும் கூட்டத்தை விலக்குவதும் அவர் பொறுப்பு. புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலை அடையும் வரை அவ்வுயிர் அவர் கையிலிருக்கிறது.

2008-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய இச்சேவை ஏழைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் சர்க்கார் ஏற்படுத்தியதையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த 48 மணி நேரத்தின் முதல் நிமிஷங்கள் ஆஸ்பத்திரியில் கழிவதில்லை. தெருவில், அந்தத் தாதியின் கையில் கழிகின்றன. அவரை நாம் எவ்விதம் தாங்குகிறோம் என்பதே கேள்வி.

நர்ஸிங் முதலிய படிப்புள்ளவர்களைத் தேர்ந்து, சுமார் 50 நாள் பயிற்சியளித்து வண்டியேற்றுகிறார்கள். பயிற்சிக் கூடத்தில் பொம்மையின் மார்பை அழுத்திப் பழகுவது வேறு. தாய் கதறி நிற்க, பிள்ளையின் மார்பை அழுத்துவது வேறு. முதல் மூன்று மாதங்களுக்கேனும் அனுபவசாலி ஒருவர் உடன் செல்ல வேண்டும். கண்ணெதிரே ஓருயிர் பிரிந்த இரவில், அடுத்த அழைப்புக்கு ஓடுமுன் சற்று ஓய்வும், மனத்திலுள்ளதைக் கொட்டிப் பேச ஒரு மூத்தவரும் வேண்டும். தாம் கொணர்ந்த நோயாளி பிழைத்தாரா, தாம் செய்ததில் பிழையுண்டா என்பதை ஆஸ்பத்திரி டாக்டர்கள் அவருக்குக் கூற வேண்டும். தவற்றை அன்புடன் எடுத்துரைப்பார் இன்றேல், அனுபவம் எங்ஙனம் அறிவாகும்?

வேலை நேரமோ 12 மணி. பகலும் இரவும் மாறி மாறி வருவது. 2023-இல் ஆலைத் தொழிலாளருக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. சில நாட்களில் சர்க்கார் அதை வாபஸ் பெற்றது. நியாயமே. யந்திரத்தின் முன் நிற்பவனுக்குத் தகாத நேரம், உயிரின் முன் நிற்பவருக்குத் தகுமோ? செலவு அதிகமென்பர் சிலர். பயிற்சி பெற்றவர் மனமுடைந்து விலகினால், பயிற்சிக்கிட்ட பணமும் பழக்கத்தால் வந்த திறமையும் ஒருங்கே வீணாவதை அவர்கள் கணக்கிடவில்லை.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. வண்டி தாமதித்ததென்று தாதியின்மீது பாய்வது வீரமன்று. வைத்தியப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-இலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் செய்திருக்கிறது. ஆயினும் அவரைக் காக்க வேண்டியது சட்டம் மட்டுமன்று. சுற்றி நிற்கும் நாமே.

திருச்சி அரசாங்க ஆஸ்பத்திரி மகாத்மாவின் பெயர் தாங்கியது. 1899-இல் போயர் யுத்தத்தின்போது நேட்டாலில் அவர் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். சுமார் 1,100 பேர் சேர்ந்தனர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அவ்விதம் கப்பலேறியோரில் பெரும் பகுதியினர் நமது சென்னை ராஜதானியினரே. காயமுற்றோரைத் தூக்கிக்கொண்டு நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தனர். அவர்களையும் வெறுங்கையோடு களத்துக்கு அனுப்பவில்லை. டாக்டர் பூத் என்பவர் முன்னதாகவே காந்தியடிகளுக்கும் தோழர்களுக்கும் சிசுருஷை முறைகளைக் கற்பித்திருந்தார்.

அந்தப் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரியின் வாசலில் வந்து நிற்கும் இளந்தாதியைத் தனியே விடலாகாது. மூத்தோர் துணை, நியாயமான வேலை நேரம், மரியாதை: இம்மூன்றையும் அவர் யாசிக்க வேண்டியதில்லை, நாம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். சர்க்கார் தாமதியாது ஆவன செய்யுமென எதிர்பார்க்கிறோம்.