சோடா பாட்டிலுக்குள் எங்க அண்ணன்!

இந்த வாரம் கேன்டீன் அரட்டைக்கு லீவு. கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

களமருதூர்ல எங்க பெரியப்பா பையனுக்கு ஏப்ளாஸ்டிக் அனீமியா. தங்கச்சியோட ஸ்டெம் செல் பொருந்திச்சு, ஏத்தினாங்க. (வேலூர் சி.எம்.சி. இந்த சிகிச்சையை 1986-லயே தொடங்கிடுச்சு, தெரியுமா?) 'அப்பாடா'ன்னு உட்கார்ந்தா, அஞ்சாவது வாரம் சிறுநீர்ல ரத்தம். பக்கத்துல தங்கச்சி இருக்காளேன்னு வெட்கப்பட்டு, ரெண்டு நாள் மூச்சு விடல அண்ணன். ரத்தம் கட்டியாகி, சிறுநீர் அடைச்சு துடிச்சப்பதான் விஷயம் வெளியே வந்துச்சு.

ஏன் இப்படி? ரெண்டு வில்லன்கள். மாற்று சிகிச்சைக்கு முன்னாடி தர்ற சைக்ளோபாஸ்பமைடு, உடம்புல 'அக்ரோலின்'ங்கிற பொருளா உடைஞ்சு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். அதைத் தடுக்கத்தான் மெஸ்னா மருந்தும் நிறைய திரவமும் தர்றாங்க. அடுத்தவர், பி.கே. வைரஸ். சின்ன வயசுலயே நம்மில் பெரும்பாலானவங்க உடம்புக்குள்ள வந்து, சத்தமில்லாம தூங்கும். எதிர்ப்பு சக்தி படுத்தா, இது எழுந்து உட்காரும். அண்ணனுக்கு இதுதான்.

குழாய் போட்டுக் கழுவினாங்க, ரத்தம் ஏத்தினாங்க... நிக்கலை. அப்புறம்தான் ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் சேம்பர். கோலி சோடா தத்துவம்தாங்க! அழுத்தம் கூடினா, வாயு திரவத்துல அதிகமா கரையும். ப்ளஸ் டூ-வுல மனப்பாடம் பண்ணின அதே ஹென்றி விதி. சாதாரணமா ரண்டு, ரண்டரை மடங்கு காற்றழுத்தத்துல, ஒன்றரை மணி நேரம்போல சுத்தமான ஆக்சிஜன். அது ரத்தத்துல கரைஞ்சு, புண்ணான இடம் வரைக்கும் போகும். அங்கே புது ரத்தக் குழாய்கள் முளைக்க உதவும்.

வெள்ளிமலையிலிருந்து பஸ்ல இறங்கறப்ப காது அடைக்குமே, அப்படித்தான் உள்ளேயும் இருந்துச்சாம். தீப்பிடிக்கும்ங்கிறதால செல்போன், லைட்டர் எதுவும் கூடாது. காட்டன் துணி மட்டும்.

கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் நின்னுச்சு. ஆக்சிஜனாலயா, அண்ணனோட புது அணுக்கள் தெம்பானதாலயா? டாக்டரே அடிச்சுச் சொல்லல. கதிர்வீச்சால வர்ற சிறுநீர்ப்பைப் புண்ணுக்கு இது உதவுதுன்னு, நார்டிக் நாடுகள்ல நடந்த ஆய்வு 2019-ல சொல்லியிருக்கு. ஸ்டெம் செல் நோயாளிகள்ல இதுவரைக்கும் சின்னச் சின்னக் குழுக்கள்லதான் பார்த்திருக்காங்க. அதனால இதை மந்திரப் பெட்டின்னு நம்பிடாதீங்க.

ஆனா ஒண்ணு ஃப்ரெண்ட்ஸ். எந்த சேம்பருக்குள்ள போறதுக்கும், முதல்ல வாயைத் திறக்கணும். சிறுநீர்ல ரத்தம்னா அன்னைக்கே சொல்லுங்க. ஸ்டெம் செல்லே கொடுத்த தங்கச்சிகிட்ட என்னங்க வெட்கம்?

- மாணவ நிருபர், களமருதூர்