காற்றின் கணக்கைக் கட்டடத்திலேயே பார்ப்போம்

வானளாவிய கட்டடத்தைக் காற்று தள்ளும் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். காற்றை எதிர்கொள்ளும் சுவரில் அது உண்மை. பக்கச் சுவர்களையும் பின்சுவரையுமோ காற்று வெளிப்புறமாக உறிஞ்சுகிறது. மூலைகளை ஒட்டி அந்த இழுப்பு மிகக் கடுமையாகும். கண்ணாடி பிடுங்கப்பட்டால் விழுவது தெருவில். அதை எவ்வளவு தடிப்பாக அமைப்பது என்பதைச் சிற்றுருவைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து முடிவு செய்கிறார்கள். அந்தச் சிற்றுரு சொல்வது மெய்தானா என்று யார் சரிபார்ப்பது?

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. கூரைவரை 381 மீட்டர். அதன் சிற்றுருவைச் சோதித்த டிரைடனும் ஹில்லும் 1933இல் முடிவுகளை வெளியிட்டனர். உண்மைக் கட்டடத்தின் 36, 55, 75ஆம் மாடிகளில் அழுத்தமானிகளைப் பொருத்தி அளந்த ராத்பன் 1940இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இரண்டும் சரிவர இசையவில்லை. முக்கியக் காரணங்களில் ஒன்று பின்னரே துலங்கியது. சுரங்கத்துக் காற்று சீரானது. நகரத்துக் காற்றோ தரையில் உரசித் தடுமாறிச் சுழித்து வருவது. சுரங்கத்தின் தரையையும் உரிய அளவில் சொரசொரப்பாக்கினால்தான் சிற்றுரு மெய்யோடு ஒத்துப்போகும் என்பதை டென்மார்க்கின் மார்ட்டின் யென்சன் 1958இல் நிறுவினார். அவரும் உண்மைக் கட்டடமொன்றில் அளந்து பார்த்தே அதைச் சொன்னார்.

நேரடி அளவீடு எளிதன்று. சுவரில் சிறு துளையிட்டு வெளியழுத்தத்தை அறியலாம். அதை எதனோடு ஒப்பிடுவது? மாடிப்படி, மின்தூக்கிக் கூண்டு, குளிர்சாதனம் ஆகியவற்றால் உள்ளழுத்தமும் ஓயாமல் மாறுகிறது. புயலும் நாம் அழைத்த நாளில் வருவதில்லை. புதிய கட்டடத்தின் சுவரில் துளையிட எந்த உரிமையாளர் மனமுவந்து இசைவார்?

ஆகவே அதை அவர் விருப்பத்துக்கு விடலாகாது என்கிறோம். மிக உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போதே, சில அழுத்த உணரிகளை நிரந்தரமாகப் பொருத்தி, அளவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். ஒரு கட்டடத்தின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாதே என்பார்கள். மெய்தான். ஆனால் நாம் சோதிக்க விரும்புவது கணிக்கும் முறையை. கணினியே காற்றைக் கணிக்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் அத்தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

கண்ணாடிக்குக் கீழே நடந்துசெல்பவர் அந்தக் கணக்கைப் பார்த்தவரல்லர். அவர் பொருட்டாவது அது ஒருமுறை மெய்க்காற்றில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.