கோவிவனும் ஜிம்மியும்

திரியாயில் ஒரு வளவின் படலையைத் தள்ளினால் முதலில் குரைப்பது ஜிம்மி. அடுத்த வளவில் ரைகர். அதற்கும் அடுத்ததில் ரொமி. அதே வளவுகளின் மாட்டுப் பட்டியிலோ இலட்சுமியும் சிவலையும் மயிலையும் நிற்கின்றன. மாட்டுக்குத் தமிழ், நாய்க்கு ஆங்கிலம் என்று பாகம் பிரித்தவர் யார்?

வெள்ளையன் என்பது எளிய விடை. பிரித்தானியர் 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1803இல் அங்கிருந்த கோட்டைக்குத் தம் இளவரசர் பிரெடெரிக்கின் பெயரைச் சூட்டினர். 1957இல் கடற்படைத் தளத்தையும் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினர். அதன்பின் பிறந்த நாய்க்குட்டி எதற்கும் பெயர்சூட்ட எந்தத் துரையும் வந்ததில்லை. சூட்டியவர்கள் நாம்.

ஏன் என்று கேட்டால் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன.

தமிழ்ப்பெயர்கள் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் உரியவை, நாய்க்கு வைப்பது இழிவு என்பது முதல் விடை. பசுவுக்கு இலட்சுமி என்று பெயரிட்டபோது இந்த இழிவு எங்கே போயிற்று? வைரவர் கோயிலில் நாயை வாகனமாக வைத்துக் கும்பிடுகிறோம்; வாசலைக் காக்கும் நாய்க்கு மட்டும் நம் மொழியில் ஒரு சொல் தர மனம் வருவதில்லை.

இரண்டாவது, வெள்ளையனைப் பழிவாங்கவே அவன் பெயரை நாய்க்கு வைத்தோம் என்பது. வீரம் பேசும் இந்த விடை நகைப்புக்குரியது. ஜிம்மி என்பது ஜேம்சின் செல்லப்பெயர். ஆங்கிலேயர் தம் நாய்களையே சார்லி என்றும் மக்ஸ் என்றும் கொஞ்சி அழைக்கிறார்கள். அவர்கள் கொஞ்சுவதை நாம் வசை என்று எண்ணி மகிழ்வது பழிவாங்கலாகுமா?

ஆங்கிலப் பெயர் குறுகியது, கூப்பிட எளிது என்பது மூன்றாவது. வேட்டைநாய்க்குக் குறும்பெயரே நன்று என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செனபன் என்ற கிரேக்கர் எழுதினார். ஒரு நீண்ட பட்டியலும் தந்தார். அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கையெழுத்துப்படி ஒன்று வேட்டைநாய்களுக்கென ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அடுக்குகிறது. மணி, வீரா, புள்ளி, கறுப்பி என்பவற்றைக் கூப்பிட எவருக்கு நா வலிக்கிறது?

நமக்கு இவ்வழக்கம் இல்லாமலும் இல்லை. திரியாய்ப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சாசனம் இருக்கிறது. கடலுக்கு அப்பால், அந்தப் பல்லவரின் நாட்டில், செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்துப் பட்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்த அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயரையும் கல்லில் பொறித்தார்கள்: கோவிவன். நாய்க்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லில் எழுதி 1,300 ஆண்டுகளுக்கு மேல் காத்த மொழி இது.

நாயின் பெயரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்போர் திரியாயைச் சற்று நினைக்க வேண்டும். 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு, மக்கள் பெயர்ந்தோடிய ஊர் இது. திரும்பி வந்தவர்களின் வயல்கள் இன்று தொல்லியல் எல்லைக்கற்களோடு மல்லுக்கட்டுகின்றன. கிழக்கின் தொல்லியலுக்கென 2020இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழருக்கும் இடமில்லை. ஓர் இடம் எப்பெயரால் அழைக்கப்படுகிறது என்பது அங்கே காணி உரிமையின் வழக்கு. பெயரின் பெறுமதியை இவ்வூராருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோருக்கும் இது பொருந்தும். பிள்ளைக்குத் தூய தமிழ்ப்பெயர் தேடி அகராதி புரட்டுகிறார்கள். கூடத்தில் படுத்திருப்பதோ ரெக்ஸ்.

ஊர்ப்பெயரை மீட்க அரசின் தயவு வேண்டும், நீதிமன்றம் வேண்டும், தலைமுறைகள் காத்திருக்கவும் வேண்டும். நாய்க்குட்டிக்குத் தமிழில் பெயரிட எந்த வர்த்தமானி அறிவித்தலும் வேண்டாம், எந்தச் செயலணியின் ஒப்புதலும் வேண்டாம். எவரும் தடுக்காத இடத்திலேயே நாம் விட்டுக்கொடுத்தால், தடுக்கப்படும் இடங்களில் எந்த முகத்தோடு உரிமை கேட்பது?