பெயர் சூட்டவும் ஆள் வேண்டும்

ஈரானின் தென்கிழக்கே, கெர்மான் மாகாணத்து மலைப் பகுதியில் கிடைத்த ஒரு பெண் சிலந்தி, விஞ்ஞானம் அதுவரை அறியாத புதிய இனம் என்று 2017ல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உடல் கொண்ட அந்த ஓநாய்ச் சிலந்திக்கு, ஹாரி பாட்டர் கதையில் வரும் ராட்சதச் சிலந்தியை நினைவூட்டும்படி ‘லைகோசா அரகோகி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரின் கவர்ச்சியால் பல நாட்டுப் பத்திரிகைகளும் அச்செய்தியை வெளியிட்டன. பெயர் பேசப்பட்ட அளவுக்கு, அதைச் சூட்டுவதற்குத் தேவைப்பட்ட உழைப்பு பேசப்படவில்லை. இந்தியா கவனிக்க வேண்டியது அந்த உழைப்பைத்தான்.

ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை வலை பின்னிக் காத்திருப்பவை அல்ல. தரையில் ஓடி இரையைப் பிடிப்பவை. எட்டுக் கண்கள் மூன்று வரிசையில் அமைந்திருக்கும். இரவில் டார்ச் விளக்கை அடித்தால் அவை பளிச்சென்று மின்னும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றை முதுகில் சுமக்கும். மரம் வளராத உயரத்தில், பாறைச் சரிவுகளிலும் பனிக்கோட்டின் ஓரத்திலும்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை வாழ்கின்றன. கோடை விடுமுறைக்கு சிம்லாவுக்கும் முசௌரிக்கும் செல்லும் குடும்பங்கள் நடைபாதைக் கல்லிடுக்கில் ஓடி மறையும் ஒன்றைப் பார்த்திருக்கக்கூடும். பார்ப்பது எளிது, அது எந்த இனம் என்று சொல்வதுதான் கடினம்.

நிறத்தையோ கோடுகளையோ வைத்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒரே இனத்தில் நிறம் மாறுபடும். வெவ்வேறு இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பெண்ணின் வயிற்றடியிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையும், ஆணின் முகத்தருகே உள்ள உணர்கொம்பின் நுனியையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய வேண்டும். பிறகு, இதற்கு முன் பெயரிடப்பட்ட நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளோடும் வர்ணனைகளோடும் ஒப்பிட வேண்டும். உலகில் பெயரிடப்பட்ட ஓநாய்ச் சிலந்தி இனங்கள் மட்டும் 2,400க்கு மேல். மொத்தச் சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ல் 50,000ஐத் தாண்டியது. இவ்வளவுக்கும் நடுவே, ‘இது புதியது’ என்று துணிந்து சொல்ல நுட்பமான பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

இந்தத் துறையில் இந்தியாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டோலிச்கா, 1873-74ல் யார்க்கண்ட் தூதுக் குழுவுடன் காரகோரத்தைக் கடந்து சென்று உயிரினங்களைத் திரட்டினார். திரும்பும் வழியில் 1874 ஜூனில் லடாக்கில் உயிர் துறந்தார். அவர் திரட்டிய சிலந்திகள் பற்றிய நூல் 1885ல்தான் வெளிவந்தது. அதை எழுதியவர் இங்கிலாந்தில் இருந்த பாதிரியார் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ். ஓநாய்ச் சிலந்திகளும் அதில் இடம்பெற்றன. திரட்டியவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின்னரே பெயர் கிடைத்தது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1920 முதல் 1940 வரை எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, இந்திய ஓநாய்ச் சிலந்திகள் பற்றி 1924ல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் டிகேதர், மல்ஹோத்ராவுடன் சேர்ந்து 1980ல் வெளியிட்ட தொகுதி, இந்தச் சிலந்திகளுக்கு இந்தியர்களே எழுதிய முக்கியமான கையேடாக அமைந்தது.

குடிநீருக்கும் வேலைக்கும் மக்கள் அல்லாடும் நாட்டில், சிலந்திக்குப் பெயர் வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதிலும் இருக்கிறது. கிரீன்லாந்தின் ஸாக்கன்பர்க்கில் 1996லிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் திரட்டிய ஓநாய்ச் சிலந்திகளை ஆராய்ந்தவர்கள், பனி முன்கூட்டியே உருகும் ஆண்டுகளில் அவை ஒரே கோடையில் இரண்டாம் முறையும் முட்டையிடுவதை 2020ல் எடுத்துக்காட்டினார்கள். தட்பவெப்பம் மாறுவதைக் காட்டும் சாட்சியாக அந்தச் சிறு பிராணி நின்றது. பிரான்ஸ்-இத்தாலி எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் மலையில், உயரமான பாறைச் சரிவுகளில் மட்டுமே வாழும் ‘வெசுபியா’ என்ற ஓநாய்ச் சிலந்தி, அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. சமவெளிப் பிராணிக்கு வெப்பம் தாளாவிட்டால் மேலே ஏற இடம் உண்டு. சிகரத்தில் இருப்பது எங்கே போகும்?

இந்த இரண்டு இடங்களிலும் ஆபத்தை அறிய முடிந்ததற்குக் காரணம், எந்த இனத்தைக் கணக்கெடுக்கிறோம் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்ததுதான். பெயர் இல்லாத ஒன்றைக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் தேட முடியாது. அணைக்கும் சாலைக்கும் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யும்போது அது ஏட்டில் ஏறாது. இருந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் மறைந்துவிடும். இமயத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சாலைகளும் சுரங்க வழிகளும் விரையும் இந்நாளில் இது வெறும் கற்பனை அல்ல.

வகைப்பாட்டியல் வல்லுநர்கள் அருகி வருவதை அரசும் அறியாமல் இல்லை. 1999ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அகில இந்திய அளவில் ஒரு வகைப்பாட்டியல் திட்டத்தைத் தொடங்கியதே அதற்குச் சான்று. புதிய இனத்தைக் கண்டறிபவர் அதன் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஒப்படைக்கும் மாதிரியைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் களஞ்சியம் வெறும் கிடங்காகிவிடும். ஒரு வல்லுநர் ஓய்வு பெறும்போது அவரிடம் பயின்ற இளைஞர் அந்த நாற்காலியில் அமர வேண்டும். நாற்காலியே காலியாகக் கிடந்தால், 30 ஆண்டு அனுபவம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பல்கலைக்கழகங்கள் வகைப்பாட்டியலைத் தனிப் பாடமாகப் போற்ற வேண்டும். அதில் பட்டம் பெறுபவர்களுக்கு நிலையான வேலை கிடைக்க வேண்டும். இமயத்துக்கு அருகில் சோலனிலும் டேராடூனிலும் உள்ள விலங்கியல் ஆய்வு மையங்களுக்கு, ஆண்டுதோறும் உயரமான மலைகளில் கணக்கெடுக்க ஆட்களும் பணமும் ஒதுக்க வேண்டும். லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் உள்ள பழைய இந்திய மாதிரிகளின் தெளிவான படங்களைப் பெற்று, சிறு ஊர்க் கல்லூரி மாணவருக்கும் எட்டும்படி செய்ய வேண்டும்.

லடாக்கில் உயிர்விட்ட ஸ்டோலிச்காவின் சிலந்திகள் பெயருக்காக 11 ஆண்டுகள் காத்திருந்தன. அன்று அவை காத்திருக்க முடிந்தது. மலை அப்படியே இருந்தது. இன்று மலை காத்திருக்கவில்லை. மத்திய அரசும் மலை மாநிலங்களின் அரசுகளும் காலம் தாழ்த்தாமல் ஆவன செய்ய வேண்டும்.