மறுபடியும் சாவி என் கையில்!

என் மாமியாருக்கு இழுப்பு உண்டு. போன மார்கழியில் ஒரு ராத்திரி அது அதிகமாகிவிட்டது. கையிலிருந்த இன்ஹேலரும் தீர்ந்துபோயிற்று. அவர் சிப்காட்டில் நைட் ஷிப்ட்; மகனும் ஊரில் இல்லை. மருந்துக் கடையோ இரண்டு கிலோமீட்டர். வாசலில் மகனுடைய ஸ்கூட்டர் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. எடுக்கக் கை வரவில்லை. இருட்டில் ஓட்டமும் நடையுமாகப் போய் வாங்கி வந்தேன்.

இத்தனைக்கும் நான் ஓட்டத் தெரியாதவள் இல்லை, சகோதரிகளே! 1994-லேயே லைசென்ஸ் எடுத்தவள். பெடலை மிதித்துக் கிளப்புகிற டி.வி.எஸ். 50-ல் கும்மிடிப்பூண்டிக்கும் கவரப்பேட்டைக்குமாகப் பறந்தவள்.

2004-ல் ஒரு நாள் நாலு வயது மகனை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் வந்தேன். பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஹார்ன் அடித்தது. பதறிப்போய் தாரை விட்டு மண்ணில் இறங்கினேன். சக்கரம் வழுக்கியது. குழந்தையின் முகவாயில் மூன்று தையல். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானேதான் எனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் வண்டியைத் தொடவே இல்லை.

அந்த மார்கழி ராத்திரிக்குப் பிறகுதான் யோசித்தேன். அன்று தப்பு வண்டி ஓட்டியதிலா, ஓட்டிய விதத்திலா? விதத்தைத் திருத்திக்கொள்ளலாமே!

முதலில் லைசென்ஸ். அது 2014-லேயே காலாவதி. 2019-ல் திருத்திய சட்டப்படி, காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். காலி மைதானத்தில் இரண்டு வாரம் பழகி, சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டேன்.

வண்டியும் மாறிவிட்டது. முதல் நாள், பகலில் விளக்கு எரிகிறதே என்று ஸ்விட்சைத் தேடு தேடென்று தேடினேன். "அம்மா, அதை அணைக்க முடியாது. 2017-லிருந்து புது வண்டி எல்லாமே அப்படித்தான்" என்று மகன் சிரித்தான். 2019-லிருந்து 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளில் இரண்டு சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதியாவது இருக்க வேண்டுமாம். இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் கட்டுப்படுகிறது. அந்த அழுத்தம் கைக்குப் பழகுகிற வரை தெருவுக்கே போகவில்லை.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கை பழசை மறப்பதில்லை. ஆனால் பின்னால் வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்கிற கண் கணக்கு மறந்துபோகிறது. 'எனக்குத்தான் தெரியுமே' என்ற நினைப்பு ஆபத்து. ஆகவே ஞாயிறு காலையில், சந்தடியில்லாத உள்சாலையில் கால் மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். பிறகு பஜார் பக்கம். நெடுஞ்சாலை கடைசியில்தான். லாரி ஹார்ன் அடித்தால் பதறி மண்ணில் இறங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, தாரிலேயே நேராகப் போங்கள். லாரியின் இடது பக்கம் ஒட்டிப் போகவே கூடாது. டிரைவருக்கு நாம் தெரியமாட்டோம். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களே, குழந்தையை முன்னால் நிற்க வைக்காதீர்கள். 2023 பிப்ரவரியிலிருந்து, ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம். வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. இது எனக்கு அன்று தெரிந்திருந்தால் அந்தத் தையல் இருந்திருக்காது.

போன வாரம் மாமியாருக்கு டாக்டரிடம் போக வேண்டிய நாள். "ஆட்டோ கூப்பிடட்டுமா அத்தை?" என்றேன். அவர் ஏற்கெனவே ஹெல்மெட்டும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"தலையில குடத்தைக் கவுத்த மாதிரி இருக்கு. பரவால்ல, நீ மெதுவாத்தானே ஓட்டுவே? எடும்மா வண்டியை!"

எடுத்தேன். மெதுவாகத்தான்.