தம்பி கேட்டால் தமிழில் சொல்லுங்கள்

ஜூன் பள்ளி விடுமுறையில் பல குடும்பங்கள் மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்திற்குச் செல்லும். அங்கே தம்பி தங்கையர் கேட்கும் முதல் கேள்வி, “இது என்ன?” என்பதுதான். நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், அடுத்த கேள்வியும் ஆங்கிலத்தில்தான் வரும்.

தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒட்டகம் போன்ற நீண்ட கழுத்து, சிவிங்கிப்புலிக்கு இருப்பதுபோல் புள்ளிகள், அதனால் ஒட்டகச்சிவிங்கி. உடலெங்கும் வரி இருப்பதால் வரிக்குதிரை. பெயரே விலங்கை விளக்கிவிடுகிறது. ஓராங் ஊத்தான் என்பது மலாய்ப் பெயர். ‘காட்டு மனிதன்’ என்று பொருள். அதையும் தமிழிலேயே விளக்கலாம்.

வீட்டில் தமிழைத் தொடரச் செய்வது பெற்றோரின் வேலை மட்டுமன்று. அண்ணன், அக்காள் பேசுவதைச் சின்னப் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். கைப்பேசியைச் சற்று நேரம் பைக்குள் வைத்துவிட்டு அவர்களோடு பேசுங்கள், மாணவர்களே.