முதுகுத் தண்டை யாரும் தொடுவதில்லை



எங்கள் தெருப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். மாற்றுச் சிகிச்சைக்கு அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்திவிட்டது. ஆனால் சின்னமனூர் டீக்கடைப் பேச்சு அண்ணன் மனைவியை நடுங்க வைத்துவிட்டது: "முதுகுத்தண்டுல ஊசியப் போட்டு உறிஞ்சிருவாங்களாம்ல, அப்பறம் மம்பட்டி பிடிக்க முடியாது."

தண்டுவடத்துக்கும் மஜ்ஜைக்கும் சம்பந்தமே இல்லை. எலும்புக்குள் ரத்த அணுக்களை உண்டாக்கும் பஞ்சு போன்ற திசுதான் மஜ்ஜை. எடுப்பதானால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் எடுப்பார்கள். சில வாரங்களில் உடம்பே ஈடுகட்டிவிடும். இப்போது பெரும்பாலும் அதுவும் கிடையாது. நாலைந்து நாள் ஊசி போட்டு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கை நரம்பு வழியாக ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அவற்றைப் பிரித்துவிட்டு மீதி ரத்தத்தைத் திருப்பி ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் எலும்பு வலி இருக்கும். அதை மறைக்க வேண்டாம். நோயாளிக்கும் கத்தி இல்லை, ரத்தம் ஏற்றுவது போலத்தான். அவருக்குக் கஷ்டமெல்லாம் முந்தைய கடும் கீமோவிலும் பிந்தைய தொற்றுப் பயத்திலும்.

ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் பொருந்த வேண்டும். கூடப்பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களில் பலர் முகம் தெரியாதவரைத் தேட வேண்டியிருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் 18 முதல் 50 வயதுக்காரர்கள் சேரலாம். கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் ஒரு தடவு, அவ்வளவே. பதிந்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்குவதுதான் கொடுமை.

தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் நடத்தும் கம்பம், போடி மன்றத்துத் தம்பிகள் அடுத்த முறை இந்தப் பதிவுக்கும் ஒரு மேஜை போடுவார்களா?

ஒரு வாசகர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்